ராஜினாமாக் கடிதத்தில் எழுதாதவை

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையை விட்டுவிட்டுத் தன் கனவின் பின்னால் போகிறவருக்கு வரும் சந்தேகங்கள், சறுக்கல்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தைப் பேச இன்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. செல்போனைத் திறந்தால் போதும், வாரம் ஒருவர் வந்து பேசுகிறார். பேசுகிறவர்கள் எல்லோருமே ஜெயித்தவர்கள் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஜெயித்தபின் சொல்லப்படும் கதையில் பட்ட அடி ஒவ்வொன்றும் படிக்கட்டாகிவிடும், சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் முட்டாள்களாகிவிடுவார்கள். சந்தேகப்பட்ட மாமாவைத் திட்டாத வெற்றிப் பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை.

நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து, அதை விட்டுவிட்டுப் புத்தகப் பதிப்புக்கு வந்தவன். ஜெயித்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன், அழிந்துபோனேன் என்றும் சொல்ல மாட்டேன். பதிப்பகம் நடக்கிறது, அவ்வளவுதான். ஆகவே என் கதையை ஓரமாக வைத்துவிட்டு, வரவு செலவு நமக்குத் தெரிந்த சிலருடைய வாழ்க்கையைப் பார்ப்போம். முதலில் எழுத்தாளர் புதுமைப்பித்தன்.

புதுமைப்பித்தன் 1943இல் தினமணி நாளிதழை விட்டு வெளியே வந்தார். ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் விலகியபோது உடன் விலகிய குழுவில் இவரும் ஒருவர். அடுத்து சொக்கலிங்கத்தின் ‘தினசரி’ நாளிதழில் சில காலம். அங்கேயும் நீடிக்கவில்லை. பிறகு சினிமா. ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்துக்காக எழுதினார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். படம் வெளிவரவில்லை. அதன்பின் தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனார். காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. இலக்கியம் தேடி அதைத் திறப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். பணம் எப்போது அனுப்புவேன், எவ்வளவு அனுப்புவேன், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்ச் சிறுகதையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட மனிதர் அந்தத் தாள்களில் மணியார்டரைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரு குடும்பஸ்தர்.

இந்த வாழ்க்கையைப் படித்தவர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ‘பேசாமல் பத்திரிகையிலேயே இருந்திருக்கலாம்’ என்பார்கள் ஒரு சாரார். ‘கலைஞன் என்றால் இப்படித்தான் எரிந்து போவான்’ என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டாவது கட்சி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். காசநோயில் கலை எதுவும் கிடையாது. அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் புது மருந்து, கிடைப்பதும் அரிது, விலையும் யானை விலை. காசில்லாமல் ஒரு மனிதர் 42 வயதில் சாவதை அழகுபடுத்திப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

முதல் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பர்வதகுமாரி நொடித்தது ஒரு கம்பெனியின் தோல்வி. முதல் போதவில்லை, சினிமாத் தொழிலில் கால் ஊன்றவில்லை. அந்தக் கணக்கை ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எழுதியவரின் கணக்கில் கொண்டுபோய் எழுத முடியாது. எழுத்தாளராக அவர் ஒரு நாளும் தோற்கவில்லை. படத் தயாரிப்பாளராகத் தோற்றார். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு இது சுலபமாகப் பிரிகிறது. அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்குப் பிரிவதில்லை. இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

வேலையை விட்டவருக்கு வரும் சந்தேகம் ஒன்றல்ல. இந்தத் தொழில் சோறு போடுமா என்பது ஒன்று. எனக்கு இது வருமா, இதற்கு நான் லாயக்கா என்பது இன்னொன்று. இவை முழுக்க வேறு வேறு. ஆனால் மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்குப் பணமில்லாத ராத்திரியில் முதல் சந்தேகம் இரண்டாவதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். கையில் பணமில்லை என்று மனம் சொல்லாது. உனக்குத் திறமை இல்லை என்று சொல்லும்.

என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். புத்தகம் போட்டால் விற்பனையாளருக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது கழிவு. விற்ற பணம் கைக்கு வர மாதக்கணக்காகும், சில சமயம் வரவே வராது. லைப்ரரி ஆர்டர் வரும் என்று காகிதத்தைக் கடனுக்கு வாங்கி அச்சடித்தால், ஆர்டர் வராத வருஷத்தில் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒரு விற்பனையாளர் பெரிய தொகையை நிறுத்திவைத்திருந்த நாட்களில், நான் போட்ட புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எது மட்டம், எதை நான் போட்டிருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாகக் குற்றம் தேடிக்கொண்டிருந்தேன். பாக்கி வந்து சேர்ந்தது. அதே புத்தகங்கள் மறுபடியும் நல்ல புத்தகங்களாகிவிட்டன. ஒரு எழுத்தும் மாறவில்லை.

சந்தேகம் வந்தால் விரட்டு, எதிர்மறை எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே என்றெல்லாம் சொல்கிறார்களே, அது எனக்கு ஒப்பில்லை. விரட்டினால் வாசலில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வந்திருப்பது எந்தச் சந்தேகம் என்று பாருங்கள். பணம் பற்றியதென்றால் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கூட்டிக் கழிக்க வேண்டும். திறமை பற்றியதென்றால், அந்தத் தொழில் தெரிந்த, முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒருவரிடம் வேலையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது. பணமில்லாதவர் தன்னம்பிக்கைப் புத்தகம் படிப்பதும், வேலை சரியாக வராதவர் இன்னொரு கடன் வாங்குவதும் நான் கண்ணால் பார்த்தவை.

இந்த இரண்டு கணக்கையும் கலக்காமல் ஒருவர் நடத்தினார். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா.

வத்தலக்குண்டுக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். தினமணிக் கதிரில் வேலை பார்த்தவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார். படம் கிடையாது, துணுக்கு கிடையாது. விமர்சனமும் புதுக்கவிதையும்தான் முக்கியம். அன்று வாரப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன. பத்திரிகைத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டிருந்தாலும் நிற்காது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. வியாபாரமாக அது நிற்கவில்லை. 119 இதழ்கள், 1970ஆம் ஆண்டோடு முடிந்தது.

அந்த 119 இதழ்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். ந. பிச்சமூர்த்தி கவிதைக்குத் திரும்பி வந்து எழுதினார். பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, சி. மணி, தி.சோ. வேணுகோபாலன், எஸ். வைதீஸ்வரன், ஈழத்திலிருந்து எழுதி அனுப்பிய பிரமிள் எல்லோரும் அங்கே எழுதினார்கள். 1962இல் 24 பேருடைய கவிதைகளைச் சேர்த்துப் ‘புதுக் குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். இன்றைக்கு முகநூலில் யாராவது நாலு வரி மடக்கி எழுதிவிட்டுக் கவிதை என்கிறார்களே, அந்த வசதியைச் செய்துகொடுத்தவர்களில் செல்லப்பா முக்கியமானவர். (அதற்காக அவர்மேல் வருத்தப்படுகிறவர்களும் இந்த அரங்கில் இருக்கலாம்.) ஜல்லிக்கட்டைப் பற்றிய ‘வாடிவாசல்’ குறுநாவலும் 1959இல் அவர் பதிப்பாகவே வந்தது. புத்தகங்களைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எண்பது வயதைத் தாண்டியபின் ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாகங்களில் ஒரு நாவல் எழுதி, 1997இல் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள்.

அவர் பணக் கணக்கில் நஷ்டம் ஏற ஏற, தான் நம்பியதை ஒரு அங்குலம் மாற்றவில்லை. விற்கவில்லை என்றால் விற்கவில்லை, அதனால் கவிதை மட்டமாகிவிடாது என்று இருந்தார். இந்தப் பிடிவாதத்தைப் பார்த்து நான் வியக்கிறேன்.

ஆனால் வியந்துவிட்டு அங்கேயே நிறுத்தினால் பாதிக் கதை சொன்னதாகத்தான் ஆகும். பத்திரிகை நடத்த மனைவியின் நகைகளை விற்றார் என்று செல்லப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதுகிறார்கள். அவருடைய தியாகத்துக்குச் சான்றாக எழுதுகிறார்கள். நகை யாருடையது? அந்த அம்மாளுடையது. தியாகம் மட்டும் எப்படி இவருடையதாகிவிடுகிறது? அந்த அம்மாள் என்ன நினைத்தார், என்ன சொன்னார் என்று விரிவாகக் கேட்டு எழுதிவைத்தவர்கள் இல்லை. நம் இலக்கிய வரலாற்றில் மனைவிமார்களுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் ஒரு வாக்கியம். அதிலும் அவர்கள் கழுத்திலிருந்து ஏதாவது கழன்றால்தான் அந்த வாக்கியமும் கிடைக்கும்.

வேலையை விடுவது ஒரு ஆள் எடுக்கும் முடிவு மாதிரி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் ஊரில் மாதச் சம்பளம் ஒரு ஆளுக்கு மட்டுமா வருகிறது? அதை நம்பிப் பால் கணக்கு, பள்ளிக் கட்டணம், நகைச் சீட்டு, அப்பாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சம்பளச் சான்றிதழைக் காட்டினால் வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்கும். தங்கைக்கு வரன் பார்க்க வருகிறவர்கள், அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள். ‘ஃப்ரீலான்ஸ்’ என்று பதில் சொன்னால், வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் கால் காசானாலும் கவர்மெண்ட் உத்தியோகம் என்று சொல்லிவைத்தது. அதைக் கோழைத்தனம் என்று என்னால் தள்ள முடியவில்லை. பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்தவர்களுடைய அனுபவம் அது.

இங்கே ஒருவர், கணித மேதை ராமானுஜன் துணிந்து போகவில்லையா, திரைப்பட இயக்குநர் பாலசந்தர் துணியவில்லையா என்று கேட்கலாம். மேடைப் பேச்சுகளில் இந்த இரண்டு பெயரும் தவறாமல் வரும். நடந்ததைப் பார்ப்போம்.

ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். அதற்கு முன்பு கல்லூரித் தேர்வுகளில் கணக்கு தவிர மற்றவற்றில் தோற்று, உதவித்தொகையை இழந்து, வேலை கேட்டு அலைந்தவர். கல்யாணமும் ஆகியிருந்தது. துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அந்த ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்போதும் அவர் வேலையை உதறிவிட்டுப் போகவில்லை. சம்பளமில்லா விடுப்பில் போனார். 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த தொகை ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டதை ஹார்டியே பதிவு செய்திருக்கிறார். முடிவிலியைப் பற்றி யோசித்தவர் வீட்டுச் செலவையும் யோசித்திருக்கிறார்.

கே. பாலசந்தர் 1950இல் சென்னையில் ஏ.ஜி. அலுவலகம் எனப்படும் அரசின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் சேர்ந்தார். பகலில் கோப்பு, மாலையில் நாடகம். ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ எல்லாமே முதலில் மேடை நாடகங்கள். எங்கே சனம் சிரிக்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்று சபா சபாவாகப் பார்த்துத் திருத்தினார். 1964இல் எம்.ஜி.ஆரின் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதும் வாய்ப்பு வந்தபோது அவர் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்தான். அடுத்த ஆண்டு ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். பதினான்கு வருஷம் இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர் என்று சொல்வது அவருடைய உழைப்புக்குச் செய்கிற அவமரியாதை.

இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வாரும் அப்படித்தான். கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், மானாவாரி விவசாயிக்கு அந்த ஆராய்ச்சியால் பயனில்லை என்று மனம் வெறுத்து 1969இல் வெளியே வந்தார். வந்தவர் களக்காட்டில் இயங்கிய அமைதித் தீவு என்ற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, கிராமங்களிலேயே வேலை செய்தார். கொள்கைக்காக வெளியேறியவரும் அடுத்த அடி வைக்க ஒரு தரை பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

கொஞ்சம் வறட்டு விஷயம் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சேவைக்காலம் பொதுவாகப் பறிபோகும். அதையே இருபது வருஷத் தகுதிச் சேவை முடித்து, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வாகப் போனால் ஓய்வுக்காலப் பலன்கள் கிடைக்கும். தனியார் நிறுவனத்தில் கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருஷத் தொடர் சேவை வேண்டும். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷம். ஐந்து வருஷம் முடிவதற்குள் மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டுக் கடிதத்தைத் தூக்கி எறிந்த இளைஞர்களை எனக்குத் தெரியும். கோபம் நியாயமானதுதான். சில மாதம் தள்ளிக் கோபப்பட்டிருந்தால் புதுத் தொழிலுக்குக் கொஞ்சம் முதல் கிடைத்திருக்கும். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதையும் பலர் ஆஸ்பத்திரி வாசலில்தான் நினைத்துக்கொள்கிறார்கள். போவதற்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் பேசினால் கனவின் பளபளப்புக் குறைகிறது, குறையட்டும்.

இன்னொரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களின் சந்தேகம். ‘அவளுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை சார்’ என்று ஒரு நண்பர் என்னிடம் குறைபட்டார். அவர் மனைவி கேட்டதெல்லாம் இரண்டே கேள்விகள். எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? அது தீர்ந்தால் என்ன செய்வது? கடன் கொடுக்கும் வங்கி இதையே கேட்டால் ‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட்’ என்று சொல்லிப் பத்துப் பக்கம் தட்டச்சு செய்துகொண்டு போகிறோம். கட்டிய மனைவியோ, சம்பாதிக்கும் கணவனோ, பெற்ற தாயோ கேட்டால் அவநம்பிக்கை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். வங்கியைவிட அதிகமாக முதல் போடப்போகிறவர்கள் அவர்கள். பெண்கள் வேலையை விட்டுத் தொழில் தொடங்கும்போது நிலைமை வேறு. அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ‘பொழுதுபோக்காகச் செய்யட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது கேள்வி கேட்பதைவிடப் பெரிய அவமானம்.

வீட்டில் இருப்பவர்கள் போடும் முதலுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ராமானுஜன் 1920இல் இறந்தபோது அவர் மனைவி ஜானகி அம்மாளுக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். பம்பாய்க்குப் போய் அண்ணன் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பிறகு சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். 1994 வரை இருந்தார். கணவரின் கனவுக்கு உலகம் கைதட்டிக்கொண்டிருந்த பல வருஷங்கள் அந்த அம்மாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். ராமானுஜன் போயிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போனது சரி, போகத்தான் வேண்டும். அந்தக் கனவுக்கான செலவைச் செய்தவர்களின் பட்டியலில் இந்தப் பெயரும் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே, விட நினைப்பவர்கள் விடுங்கள். எல்லோரும் ஒரே நாற்காலியில் ஓய்வுபெற வேண்டும் என்று சட்டமில்லை. எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்கை எழுதி, வீட்டில் உள்ளவர்கள் முன்னால் வையுங்கள். எந்தத் தேதிவரை முயற்சி, எவ்வளவு கடன் ஏறினால் நிறுத்துவது என்பதைத் தெம்பாக இருக்கும்போதே அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அடி விழுந்தபின் அந்த முடிவை எடுக்க ஒருவருக்கும் நிதானம் இருக்காது. திரும்பவும் ஒரு வேலைக்குப் போக நேர்ந்தால் போங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பகலில் சம்பளத்துக்கு உழைத்து இரவில் எழுதியவர்கள் தமிழில் நிறையப் பேர். அவர்களை யாரும் அரைகுறை என்று சொன்னதில்லை.

கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பதிப்புத் தொழில் பற்றியோ செல்லப்பா பற்றியோ எது வேண்டுமானாலும் கேளுங்கள். வேலையை விடலாமா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதைக் கேட்க வேண்டியவர் உங்கள் வீட்டில் இருக்கிறார்.